ராணி தண்டவாளம் பார்த்ததில்லை

ஜனவரி 9

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே அம்மாவின் முட்டியைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே நீங்களும் தம்பியும் எப்படி இருக்கிறீர்கள்? சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? போன் செய்தால் நான் கத்துவது இந்தக் கட்டடம் முழுக்கக் கேட்கிறது, உங்களுக்கு மட்டும் கேட்பதில்லை. அதனால் கடிதமே மேல் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. அம்மா கடைசியாக மாடியிறங்கியது அன்றைக்குத்தான். நாலு மாடி, லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் மெக்கானிக்கைத் தம்பியாக வைத்துக்கொண்டு எங்களுக்கு இந்தக் கதி என்று உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள். ஜன்னல்தான் இப்போது அம்மாவுக்குத் தெரு. பக்கத்துத் தெருவில் தரைத்தளத்தில் இரண்டு அறை வீடு ஒன்று காலியாகிறது. ஜூனுக்குள் முன்பணம் கொடுத்தால் எங்களுக்குத் தருவதாக வீட்டுக்காரம்மா சொல்லியிருக்கிறாள்.

விற்பதற்கு என்று இந்த வீட்டில் இருப்பது அப்பாவின் பொம்மை ரயில் என்ஜின்கள் ஆறும்தான். பொம்மை என்று எழுதியதற்கு அப்பா இருந்தால் ஒரு வாரம் பேசமாட்டார். அந்தக் கண்ணாடி பீரோவின் சாவி கடைசிவரை அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. இப்போது என் கையில் இருக்கிறது, திறக்கும்போது யாரோ அதட்டப்போகிற மாதிரியே இருக்கிறது. நாற்பத்தோரு வயதில்!

எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அப்பா யாரையும்தான் தொட விட்டதில்லை, என்னை மட்டும் இல்லை. அந்த ஒன்றை வைத்துத்தான் இத்தனை வருடம் மனசைத் தேற்றிக்கொண்டேன். நீங்கள்கூட எனக்காக ஒரு தடவை கேட்டுப் பார்த்தீர்களே! பத்து வயதில் நான் உங்களுக்கு எழுதிய கடிதம் ஞாபகம் இருக்கிறதா? "கேட்டேன் கண்ணு, முடியவே முடியாதுன்னுட்டார்" என்று நீங்களே வந்து சொன்னீர்கள். எனக்காகப் போய்க் கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான். அதை நான் மறக்கவில்லை.

மாசக் கடைசிச் சனிக்கிழமை எண்ணெய் போட வேண்டும் என்று அப்பா அவற்றை உங்கள் கடிகாரக் கடைக்குத்தானே தூக்கிக்கொண்டு வருவார். ஆகவே அவற்றின் மதிப்பு தெரிந்தவர் நீங்கள்தான். எதைப் பார்க்க வேண்டும், எப்படி விலை சொல்ல வேண்டும் என்று விவரமாக எழுதுங்கள். ஏமாளி என்று எவனும் என் தலையில் மிளகாய் அரைத்துவிடக் கூடாது.

அம்மா உங்களை மிகவும் விசாரித்தாள்.

உங்கள் அன்பு மகள்


ஜனவரி 24

அன்புக் கண்ணுவுக்குச் சித்தப்பா எழுதுவது.

இருவரும் இங்கே நலமே. சர்க்கரை அதன் பாட்டுக்கு ஏறி இறங்குகிறது, உன் தம்பி அவன் பாட்டுக்கு லிஃப்டில் ஏறி இறங்குகிறான். அண்ணியை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

விற்பது நல்ல முடிவுதான். பீரோவில் இருந்து என்ன பயன்? நான் சொல்வதை அப்படியே செய்.

முதலில், துடைக்காதே. பளபளவென்று இருந்தால் அதிக விலை போகும் என்று நினைத்து எத்தனையோ பேர் பாலிஷ் போட்டுக் கெடுத்திருக்கிறார்கள். கம்பெனியில் அடித்த பெயின்ட் எவ்வளவு மங்கியிருந்தாலும் அதற்குத்தான் மதிப்பு. மேலே யாராவது திரும்ப அடித்திருந்தால் பாதி விலை போச்சு. உன் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்து பார், பிரஷ் ரோமம் ஒட்டியிருந்தால் தெரிந்துவிடும்.

இரண்டாவது, அட்டைப்பெட்டி. அதுவும் சரக்குதான். பெட்டியில் இருக்கும் எண்ணும் என்ஜின் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார். மூன்றாவது, அந்தக் காலத்து வார்ப்பு உலோகத்தில் ஒரு நோய் உண்டு. உள்ளுக்குள்ளேயே உப்பி, வெடித்து, பொடியாக உதிரும். அதற்கு வைத்தியம் கிடையாது. விரலால் தடவினால் நெளிவு தெரியும்.

நாலாவது, இதுதான் முக்கியம். அடியில் ஒரு தகடு இருக்கும், இரண்டு ஸ்க்ரூ. அதைக் கழட்டாதே. ஸ்க்ரூ தலையில் ஒரு கீறல் விழுந்தாலும், கைபட்டது என்று சொல்லி விலையைக் குறைப்பார்கள். யார் கேட்டாலும் கழட்டக் கூடாது.

எல்லாம் பார்த்து எழுது. உடம்பைப் பார்த்துக்கொள். கடையில் நின்றுகொண்டே இருக்காதே.

சித்தப்பா


பிப்ரவரி 11

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஒத்தடத்தில் அம்மாவின் வலி கொஞ்சம் அடங்கியிருக்கிறது. "உன் சித்தப்பன் கடிகாரத்துக்குத்தான் டாக்டர்னு நெனச்சேன், மனுஷனுக்கும் பார்க்கிறாரே" என்றாள். உங்கள் சர்க்கரை ஏறி இறங்கும் விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க சாப்பாட்டு மேஜையில் வெள்ளை வேட்டி விரித்து ஆறையும் வரிசையாக நிறுத்தினேன். அம்மா ஜன்னலை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா வைத்த பெயர்களிலேயே சொல்கிறேன். கருப்பன் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான், பெட்டியும் எண்ணும் பொருத்தம். கிழவன் அந்தத் தகர என்ஜின்தான், சாவி கொடுத்தால் ஓடுவது. சாவி இருக்கிறது, நான் கொடுத்துப் பார்க்கவில்லை. இரட்டையர்களில் ஒருத்தனுக்குப் பெயின்ட் திரும்ப அடித்திருக்கிறது, நீங்கள் சொன்ன பிரஷ் ரோமம் கதவோரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பச்சையின் படிக்கட்டில் பசை அடையாளம் இருக்கிறது. அது என் கைங்கரியம். ஆறு வயதில் எடுத்துப் பார்க்கிறேன் என்று கீழே போட்டேன். அன்றைக்குப் பூட்டிய பீரோதான்.

ராணிதான் ராணி. அந்த அரக்குச் சிவப்பு, தங்கக் கோடு, ஒரு கீறல் இல்லை. சுற்றியிருந்த மெல்லிய தாள் மட்டும் துணி மாதிரி மெத்தென்று ஆகியிருக்கிறது, பழசானதால் இருக்கும். எட்டு வயதில் ஒரு தடவை அப்பாவிடம் "ராணியை மட்டும் ஒரு சுத்து ஓட்டிக் காட்டுப்பா" என்று கெஞ்சினேன். "ராணி ஓட்டுற என்ஜின் இல்ல. அது தண்டவாளத்தையே பார்த்ததில்ல" என்றார். அதற்குப் பிறகு அது எனக்கும் பெருமையாகப் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில்கூட அப்படித்தான் பீற்றிக்கொள்வேன்.

வாங்க ஆள் கிடைத்துவிட்டார். எங்கள் கடைக்குக் கண்ணாடி போட வந்த பல் டாக்டர். பழைய என்ஜின்கள் சேர்ப்பவர், இங்கே அவர்களுக்கென்று ஒரு சங்கமே இருக்கிறது. ஆறையும் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். ஒவ்வொன்றின் நிலைமையையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். ராணிக்கு "ஒருமுறைகூட ஓட்டாதது" என்று எழுதிக் கொடுத்தால் மற்ற ஐந்தும் சேர்ந்த விலை அதற்கே கிடைக்குமாம். அப்படிக் கிடைத்தால்தான் எல்லாம் சேர்ந்து முன்பணத்துக்குச் சரியாக வரும்.

எழுதலாமா, சித்தப்பா? அப்பா சொன்னதுதான், இருந்தாலும் கையெழுத்து என்னுடையது. மாதாமாதம் எண்ணெய் போட்டவர் நீங்கள். ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

உங்கள் மகள்


பிப்ரவரி 27

அன்புக் கண்ணு,

நலம். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

கருப்பனுக்கு முழு விலை கேள். கிழவனின் சாவி இருப்பதால் பேரத்துக்கு இடம் கொடுக்காதே. பெயின்ட் அடித்த இரட்டையனை மற்றவனோடு சேர்த்தே கொடு, தனியாகப் பிரித்தால் இரண்டும் விலை போகாது. பச்சையின் பசையை மறைக்காமல் சொல்லிவிடு.

ராணி விஷயத்தில் அண்ணன் சொன்னது சொன்னதுதான். அவர் வார்த்தைக்கு மேல் நான் என்ன எழுத? அவர் சொன்னபடி எழுதிக்கொடு. அந்த டாக்டரிடமும் சொல்லி வை, அடித்தகட்டைக் கழட்ட வேண்டாம் என்று.

இங்கே மழை. கடையில் வேலை அதிகம்.

சித்தப்பா


மார்ச் 20

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் தாயாரும் நலமென்று நம்புகிறேன். நேரில் சொல்லச் சங்கடமாக இருப்பதால் எழுதுகிறேன்.

ஐந்து என்ஜின்களும் தாங்கள் எழுதிக்கொடுத்தபடியே இருக்கின்றன. பச்சையின் பசையைத் தாங்களே முன்வந்து சொன்னதில் எனக்கு மிகுந்த மதிப்பு. அதனால்தான் ஆறாவது என்னை இவ்வளவு பாதித்தது.

அடித்தகட்டைத் திறக்க வேண்டாம் என்றீர்கள். வாங்கிய பொருளைத் திறந்து பார்ப்பது எங்கள் சங்கத்தில் எல்லோரும் செய்வது. அதுவும் நான் பல் டாக்டர், உள்ளே பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. அந்த ஸ்க்ரூக்கள் ஏற்கனவே பல தடவை கழட்டி மாட்டப்பட்டவை. நல்ல கைதேர்ந்த ஆள் செய்த வேலை, வெளியே தெரியாது. உள்ளே சக்கரங்களின் விளிம்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. சின்ன வட்டத்தில் வருடக்கணக்காகச் சுற்றினால்தான் அப்படித் தேயும். அச்சில் கம்பள நூல் சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. பல் இடுக்கில் சிக்கியதை எடுக்கும் கொக்கியால்தான் அதை வெளியே எடுத்தேன். தரையில் கம்பளத்தின் மேல் தண்டவாளம் போட்டு ஓட்டிய எந்த என்ஜினிலும் இது இருக்கும்.

ஒருமுறைகூட ஓட்டாதது என்று தாங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். தெரியாமல் எழுதினீர்களா, தெரிந்தே எழுதினீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் சங்கத்தில் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவன் நான். ராணியைத் திருப்பி அனுப்புகிறேன், அந்தப் பணத்தைத் திருப்பித் தாருங்கள். எடுத்த நூலையும் சின்ன உறையில் வைத்திருக்கிறேன்.

தங்கள்,
பல் மருத்துவர்


மார்ச் 23

சித்தப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள்.

பல் டாக்டர் எழுதிய கடிதத்தின் நகலை வைத்திருக்கிறேன், படியுங்கள். என் முகத்தில் அறைந்த மாதிரி இருக்கிறது. இருபது வருடமாக அந்தக் கண்ணாடிக் கடையில் நிற்கிறேன், ஒருத்தருக்காவது கண்ணாடியின் நம்பரை மாற்றிக் கொடுத்திருப்பேனா? இன்றைக்கு நான் பொய்க் கையெழுத்துப் போட்டவள்.

இந்தத் தாளின் கீழே செலோ டேப் போட்டு ஒரு நூல் ஒட்டியிருக்கிறேன். மீதி என்னிடம் இருக்கிறது. கடையில் லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். நீலம். வெறும் நீலம் இல்லை, மயில் கழுத்து நீலம். எங்கள் வீட்டில் ஒரு நாளும் கம்பளம் இருந்ததில்லை. அந்தக் காலத்தில் உங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தது. அதன் மேல் நான் மை கொட்டிவிட்டு அழுதேன், சித்தி எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாள். நிறம் எனக்கு மறக்குமா?

ஸ்க்ரூவைக் கழட்டி மாட்டிய அந்தக் கைதேர்ந்த ஆள் யார் என்றும் தெரியும். எண்ணெய் போட்டதென்றால் எண்ணெய் மட்டும்தானா? ராணியை அங்கே யார் ஓட்டியது? எனக்கு ஏன் சொல்லவில்லை? "அவர் சொன்னபடி எழுதிக்கொடு" என்று எழுதும்போது உங்கள் கை கூசவில்லையா?

உடனே பதில் எழுதுங்கள்.


ஏப்ரல் 18

சித்தப்பாவுக்கு,

நாலு வாரம் ஆகிறது. தபால் தொலைந்திருக்கும் என்று எனக்கு நானே காதில் பூ சுற்றிக்கொண்டேன். இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

அம்மா நலம். அவளுக்கு ஒன்றும் தெரியாது. "டாக்டர் ராணியை ஏன் திருப்பிட்டார்?" என்று கேட்டாள். நிறம் பிடிக்கவில்லையாம் என்றேன்.

அப்பா என்னிடம் பொய் சொன்னார். அதை எழுதிவிட்டு ஒரு மணி நேரம் பேனாவை மூடி வைத்துவிட்டேன். பூட்டிய பீரோவுக்கு முன்னால் நின்று கண்ணாடியில் மூக்கு பதிய ராணியைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அவர் பின்னால் வந்து மூக்கு பட்ட இடத்தைத் துணியால் துடைப்பார். எல்லோருக்கும் அப்படித்தான், அவர் சுபாவம் அப்படி என்று இருந்தேன். எல்லோருக்கும் அப்படி இல்லை. எனக்கு மட்டும்தான் அப்படி. வேறொருவர் வீட்டுத் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து ராணியை ஓட்டியிருக்கிறார், சக்கரம் தேயும் வரைக்கும். அந்த நேரத்தில் நான் கணக்கு டியூஷனில் இருந்திருப்பேன். சனிக்கிழமை டியூஷன் வேண்டாம் என்று நான் அழுதது நினைவுக்கு வருகிறது.

செத்துப்போன மனுஷரிடம் கேட்க முடியாது. உயிரோடு இருப்பவரும் வாயைத் திறக்கவில்லை என்றால் நான் யாரிடம் போய்க் கேட்பேன்?


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லா இருக்கியா? பெரியம்மா முட்டி எப்படி இருக்கு? நான் நல்லா இருக்கேன். எனக்கு எழுத வராது, திட்டாதே, பேசுற மாதிரியே எழுதிடறேன். அப்பாவுக்குத்தான் ஒரு மாசமா உடம்பும் சரியில்ல, பேச்சும் இல்ல. என்னன்னு கேட்டா கடிகாரத்தைக் காதுல வச்சுக்கிட்டு உட்கார்ந்துடறாரு, அவருக்குக் கேட்காதுன்னு எனக்குத் தெரியாதா? மேஜை டிராயர்ல உன் ரெண்டு கடிதமும் இருந்துச்சு. படிச்சுட்டேன், கோவிச்சுக்காதே. பதில் போடலன்னு தெரிஞ்சுச்சு. இதுக்கு எதுக்கு அவர் இப்படிப் பூட்டி வச்சாருன்னு எனக்குப் புரியல. நானே சொல்லிடறேன்.

எங்க வீட்லதான் அக்கா ஓட்டினோம். எனக்கு இடுப்புலேர்ந்து முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு போட்டிருந்தாங்கல்ல, அம்மா தவறின அடுத்த வருஷம்? ரெண்டு வருஷம் படுத்தே கிடந்தேன். பெரியப்பா சனிக்கிழமை பையைத் தூக்கிக்கிட்டு கடை வாசல்ல வருவாரு, அப்பா கடையைப் பாதி மூடிட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுவாரு. கம்பளத்து மேல வட்டமா தண்டவாளம் போடுவாங்க, என் கட்டில் காலைச் சுத்தி. கன்ட்ரோலர் என் கையிலதான். ராணிதான் எனக்குப் பிடிக்கும். "டிரைவர் சார், சிக்னல் விழுந்தாச்சா?"ன்னு பெரியப்பா கேப்பாரு. ஊது ஊதுன்னு வாயாலயே ஊதுவாரு. அவ்ளோ சிரிப்பு. கட்டு பிரிச்சப்புறமும் கொஞ்ச வருஷம் வந்தாரு.

நீயும் உங்க வீட்ல தினம் ஓட்டுவேன்னுதான் ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டிருந்தேன். பொறாமையாக்கூட இருக்கும். அப்புறம் ஒரு தடவை பெரியப்பா அப்பாகிட்ட, "பாப்பா முன்னெல்லாம் கேட்டுக்கிட்டே இருப்பா. இப்ப வாயே திறக்கறதில்ல. அடுத்த தடவை டியூஷனை விட்டுட்டு இங்க கூட்டிட்டு வரட்டுமா?"ன்னு கேட்டாரு. நான் கட்டில்ல இருந்தேன். அப்பா சொன்னாரு, "வேணாம்ணா, அவளுக்கு இதுல இப்ப ஆர்வம் இல்ல. என்கிட்டயே சொல்லிட்டா." பெரியப்பா "சரி, பொண்ணு பெரியவளாயிட்டா"ன்னாரு. அன்னிக்கு ஊதவே இல்ல.

அதனாலதான் உனக்குப் பிடிக்காதுன்னு நானும் இதைப் பத்திப் பேசினதில்ல. இதுல கோவப்பட என்ன இருக்கு அக்கா? அந்த டாக்டர்கிட்ட வேணும்னா நான் வந்து சொல்றேன்.

உன் தம்பி


மே 9

சித்தப்பாவுக்கு,

உங்கள் மகன் எழுதியிருக்கிறான். அவனைத் திட்டாதீர்கள், அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

பத்து வயதில் நான் உங்களுக்கு எழுதிய கடிதத்தில் என்ன எழுதினேன் என்று எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும். நீங்கள் அப்பாவிடம் கேட்கும் வரை நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. திறக்காததைக் காட்டியே "ஆர்வம் இல்ல" என்று அப்பாவை நம்ப வைத்திருக்கிறீர்கள். அதோடு என்னிடம் வந்து, தலையைத் தடவி, "முடியவே முடியாதுன்னுட்டார்" என்று சொல்லியிருக்கிறீர்கள். அவரிடம் கேட்கவே இல்லை. அவர்தான் உங்களைக் கேட்டிருக்கிறார்.

ஒரு மாதமாக அப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தேன். படத்துக்கு விளக்குக்கூட ஏற்றவில்லை. வாழ்நாள் முழுக்க நன்றி சொன்னது உங்களுக்கு. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது இவ்வளவு மெதுவாகவும் நடக்கும் என்று தெரியாது, முப்பத்தோரு வருடம்!

ஏன் என்று மட்டும் எழுதுங்கள். பூசி மெழுக வேண்டாம்.


ஜூன் 4

கண்ணு,

அவன் அம்மா போன பிறகு அவன் சிரித்தது அந்தச் சனிக்கிழமைகளில் மட்டும்தான். அண்ணன் ஒருத்தர்தான் அவனைச் சிரிக்க வைத்தார், என்னால் முடியவில்லை. நீ கேட்டாய் என்று தெரிந்தால் தண்டவாளத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போயிருப்பார். நீ அங்கே வந்திருந்தாலும் அவர் உன் அப்பாவாகத்தான் இருந்திருப்பார், என் பையன் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பான். அவன் கால் சரியானதும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். சரியானது. சொல்லவில்லை. பிறகு சொல்ல முடியவில்லை.

கடையை மாற்றும்போது, வீட்டை மாற்றும்போது, எல்லாவற்றையும் எறிந்தேன். இதை மட்டும் எறிய முடியவில்லை. உன்னுடையது. உன்னிடமே அனுப்புகிறேன்.

மன்னிப்பு கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

(இதனோடு, கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்று, நாலாக மடித்தது.)

"அன்புள்ள சித்தப்பாவுக்கு, நான் நலம். நீங்கள் நலமா? தம்பி கால் நலமா? எனக்கு ஒரு உதவி வேண்டும். அப்பாவிடம் என்னை ஒரே ஒரு தடவை ராணியை ஓட்ட விடச் சொல்லுங்கள். ஓட்டாவிட்டாலும் பரவாயில்லை. அந்தச் சுவிட்சைப் பிடித்துக்கொள்கிறேன். நான் இப்போது கீழே போட மாட்டேன். தினமும் தண்ணீர் டம்ளரை விளிம்பு வரை நிரப்பி சிந்தாமல் தூக்கிப் பழகுகிறேன். நான் கேட்டால் அப்பாவுக்குக் கோபம் வரும். நீங்கள் சொன்னால் கேட்பார். நீங்கள் கேட்கும் வரை நான் அவரிடம் இதைப் பற்றிப் பேசவே மாட்டேன். சத்தியம். மறக்காமல் கேளுங்கள்."


ஜூன் 29

சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் என் கடிதமும் வந்தன. டம்ளர் விஷயம் மட்டும் எனக்கு மறந்துபோயிருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் அழுதேன். மற்றதற்கெல்லாம் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

உங்கள் பையன் சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை. அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் எனக்கும் உட்கார இடம் இருந்தது. இருந்திருந்தால் நானும் அவனோடு சேர்ந்து சிரித்திருப்பேன், அதை நீங்கள் யோசிக்கவே இல்லை. அப்பா பாவம், பெண் பெரியவளாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றைக்கு வாயால் ஊதவில்லையாமே!

போன ஞாயிறு ராணியை எடுத்துக்கொண்டு நானே பல் டாக்டர் வீட்டுக்குப் போனேன். புதிதாக ஒரு தாள் எழுதியிருந்தேன். "ஓடியது. நீலக் கம்பளத்தின் மேல், பல சனிக்கிழமைகள். அடித்தகடு பல தடவை திறக்கப்பட்டது. முன்பு எழுதிக்கொடுத்தது தவறு." கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். பிறகு, பாதி விலைக்கு எடுத்துக்கொள்வதாகவும் சங்கத்தில் தானே சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார். கண்ணாடி பீரோவையும் அவருக்கே கொடுத்துவிட்டேன். முன்பணத்துக்குச் சரியாகிவிட்டது.

அவர் வீட்டில் ஒரு அறை முழுக்கப் பலகை போட்டுத் தண்டவாளம் வைத்திருக்கிறார். ராணியை அதன் மேல் தூக்கி வைத்தார். வைத்துவிட்டு கன்ட்ரோலரை என் பக்கம் நீட்டினார். "நீங்களே ஒரு சுத்து ஓட்டிட்டுக் கொடுங்கம்மா, உங்க அப்பா என்ஜின் இல்லையா" என்றார்.

என் கை அதுவாகப் போனது, சித்தப்பா. பாதி தூரம் போனது. அதைப் பிடிக்க எனக்குத் தெரியவில்லை. எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. கேட்டிருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பார். ஆனால் அவர் கேட்பாரே, இத்தனை வருஷம் வீட்டில் வைத்துக்கொண்டு ஒரு தடவைகூட ஓட்டியதில்லையா என்று. கையை எடுத்துக்கொண்டு, "வேண்டாம் டாக்டர், எனக்கு இதுல ஆர்வம் இல்ல" என்றேன்.

சொல்லிவிட்டுத்தான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. படியிறங்கும்போது மேலே ராணி ஓடுகிற சத்தம் கேட்டது. என் வாழ்க்கையில் முதல் தடவை.

நாளை மறுநாள் வீடு மாறுகிறோம். நாலு பேர் நாற்காலியோடு தூக்கி அம்மாவை இறக்கப் போகிறார்கள், அவள் இப்போதே பயந்துகொண்டிருக்கிறாள். உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று தம்பி எழுதியதைச் சொன்னேன், ரொம்ப வருத்தப்பட்டாள். இனி படி ஏற வேண்டியதில்லை, உன் சித்தப்பனை வந்து பத்து நாள் இருக்கச் சொல் என்றாள். புது வீட்டு விலாசத்தை இந்தக் கடிதத்தில் மறக்காமல் எழுதச் சொன்னாள்.

எழுதிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.